பதினேழு ஆம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ரெஜினா மேடம், மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் மடியை விட்டு இறங்கினாள். பகலில் பேனாவை எடுத்தால் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள்.

"நடந்ததை நடந்த மாதிரி, தேதி போட்டு, தினமும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாம்மா. கோர்ட்டுக்கு ஞாபகம் மட்டும் பத்தாது" என்று இன்று உங்கள் வக்கீல் ஆபீசில் சொன்னீர்கள். டைரி எழுதிப் பழக்கமில்லை. வேண்டாததை நீங்களே அடித்துவிடுங்கள்.

போன வாரத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் அக்கா சுகந்திக்கு முப்பத்தொரு வயது. பிறவியிலேயே காது கேட்காது. பத்தாவது வரை படித்தாள். எட்டு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. என்னோடும் என் வீட்டுக்காரர் பூபதியோடும்தான் இருக்கிறாள். நான் வாயால் பேசுவதற்கு முன்பே அவளோடு கையால் பேசியவள் என்று அம்மா சொல்லும்.

ஜூலை 29, செவ்வாய்க்கிழமை மத்தியானம், சூப்பர்வைசர் மாணிக்கவேல் அவளை லேபிள் கட்டு எடுத்துவரச் சொல்லித் துணி குடோனுக்கு அனுப்பினான். பின்னாலேயே போய்க் கதவைத் தாழிட்டான். இவள் அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டுத் தாழைத் திறந்து ஓடி வந்திருக்கிறாள். அவள் மேல்கையில் நாலு விரல் பதிந்த இடம் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. அதை நீங்களும் பார்த்தீர்கள்.

மறுநாள் காலை மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே வாக்குமூலம் எழுதும் ரைட்டர் வசந்தாமணி என்பவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீங்க வெளிய உக்காருங்க அம்மிணி."

"அவளுக்குக் காது கேக்காதுங்க. நான்தான் எடுத்துச் சொல்லணும்."

"அதுக்குத்தானுங்க இந்த டேப், பெரிய போன் மாதிரி ஒண்ணு, வந்திருக்குது. நாம டைப் பண்ணுனா போதும். அதுக்குள்ள ஒரு பொம்மைப் பொண்ணு கைஜாடையில கேக்கும், இவங்க சொல்றதைப் புரிஞ்சுக்கிட்டுத் தமிழ்ல எழுதிரும். கூடப்பொறந்தவங்க பக்கத்துல இருந்தா, சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு நாளைக்கு எவனாச்சும் கேப்பான்."

பாப்பா வீறிட்டாள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். இருபது நிமிடம் கூட ஆகியிருக்காது. சுகந்தி வெளியே வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. அரசாங்க ஆபீசில் என்னிடம் இவ்வளவு கேள்வி யாரும் கேட்டதே இல்லை என்றாள். அவள் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார்.

"கூட்டிட்டுப் போம்மா. உங்க அக்காவே சமாதானமாப் போறேன்னு சொல்லிட்டா."

சுகந்தி அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தாள்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

நீங்கள் மனு போட்டு வாங்கிய வாக்குமூல நகல் கையில் கிடைத்தது. பஸ்ஸிலேயே படித்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "என்ன கண்ணு, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டது.

மொத்தம் பதினேழு கேள்விகள்.

குடோன் கதவு திறந்திருந்ததா? ஆம்.
குடோன் கதவு பூட்டியிருந்ததா? ஆம்.
அவர் உங்களைப் பிடித்து இழுத்தாரா? ஆம்.
கூட்டத்தில் தெரியாமல் கை பட்டதா? ஆம்.
சம்பளத் தகராறில் புகார் கொடுத்தீர்களா? ஆம்.
மேல்நடவடிக்கை வேண்டாம் என்பது உங்கள் சொந்த விருப்பமா? ஆம்.

பதினேழும் ஆம். ஒரு 'இல்லை' கிடையாது, ஒரு 'தெரியாது' கிடையாது. குடோனில் ஏது கூட்டம்? திறந்த கதவையும் பூட்டிய கதவையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறதே என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா?

இறங்கி நேராக ஸ்டேஷனுக்கே போனேன். இன்ஸ்பெக்டர் டிபன் பாக்ஸைக்கூட மூடவில்லை.

"அதைத்தானும்மா நானும் சொல்றேன். மாத்தி மாத்திப் பேசறா. வீடியோ இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டியிருக்கா. பொய்ப் புகார்னு நாங்க திருப்பிப் போட்டா உங்க அக்காதான் உள்ள போகணும். பாவமேன்னு விட்டு வெச்சிருக்கேன்."

பாவமாம்!

சட்டத்திலேயே மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். டேப்பைக் காட்டி, "இதுதாம்மா மொழிபெயர்ப்பாளர்" என்றார்.


ஆகஸ்ட் 6, புதன்

பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. நாள் முழுக்க வயிற்றுப்போக்கு. பதினோரு துணி துவைத்தேன். வேறொன்றும் இல்லை.


ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று சுகந்தியிடம் கத்திவிட்டேன். கையால் கத்துவது எப்படி என்று கேட்காதீர்கள். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நகலை அவள் முன்னால் போட்டேன். எதற்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய்? தலையசைத்தாள். என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துதானே ஆட்டினாய்? தலையசைத்தாள். உன்னைப் பொய்க்காரி என்கிறார்கள், தெரியுமா? அதற்கும் தலையசைத்தாள்.

என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அவள் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். என்னைக் கூப்பிடும் அடையாளமாகத் தன் காது மடலைத் தொட்டாள். நீ பேசிக்கொண்டிருக்கிறாய், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். பிறகு சொன்னாள்: பெரியம்மா போனில் பேசும்போது உன் வாய் 'உம், உம்' என்று அசைகிறதே. அவள் சொல்லும் எல்லாவற்றுக்கும் நீ சம்மதமா?

மேடம், நம் ஊரில் உம் கொட்டாமல் யாராவது கதை கேட்பார்களா? காது கேளாதவர்கள் தலையால் உம் கொட்டுகிறார்கள். அவ்வளவுதான். பார்க்கிறேன், மேலே சொல் என்று அர்த்தம். தலையசைக்காமல் ஒருவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களிடையே மரியாதைக் குறைவு. சுகந்தி அந்தப் பொம்மைக்கு மரியாதை கொடுத்திருக்கிறாள்!

அவள் தலை அசைந்ததும் திரையில் பச்சை டிக் விழுந்ததாம். இவள் பதில் சொல்லக் கையைத் தூக்குவதற்குள் பொம்மை அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. சரி, எல்லாம் கேட்டு முடிக்கட்டும், கடைசியில் என் முறை வரும் என்று இவள் காத்திருந்திருக்கிறாள். குடோனில் நடந்ததை முதலிலிருந்து சொல்ல மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாளாம். பதினேழாவது முடிந்ததும் பொம்மை கை கூப்பி நன்றி சொல்லி மறைந்துவிட்டது.

இவளும் கை கூப்பிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

கம்பெனி மேனேஜர் சாமிநாதன் போனில் வந்தார். குரலில் தேன்.

"நடந்தது நடந்துபோச்சுங்க. திங்கக்கிழமை அவங்களை ரெண்டாவது யூனிட்டுக்கு வரச் சொல்லுங்க. அங்க மாணிக்கவேல் இல்லீங்க."

"அவன் எங்க இருக்கான்?"

"இங்கதானுங்க, வேலைல. அவரு மேல தப்பில்லைன்னுதான் ஆகிப்போச்சே. மனுசன் சொன்னாக்கூட ஓரவஞ்சனைன்னு சொல்லலாம். மெஷினுக்கு யாரு மேலயும் பாசமும் இல்ல, பகையும் இல்ல பாருங்க."

"அப்ப உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போய் அந்த மெஷின் முன்னால உக்கார வைங்க. கேள்வியை நான் டைப் பண்றேன்."

போனை வைத்துவிட்டார்.

பூபதி குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றார். "ஏன் இப்படிக் கத்தற? பாப்பா முழிச்சுக்கப் போகுது."

"முழிக்கட்டும்."

"எனக்கும் கோவம் இல்லாம இல்ல. ஆனா நம்மால என்ன பண்ண முடியும்? நாளைக்கு எனக்கும் எவனும் நிட்டிங் கம்பெனில வேலை குடுக்கமாட்டான். உன் டைப்பிங் வேலையை வெச்சுத்தான் ஓட்டணும்."

மாவு புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன்.


ஆகஸ்ட் 11, திங்கள்

மொழிபெயர்ப்பாளரை வைத்துப் புதிதாக வாக்குமூலம் எடுக்கச் சொல்லி நீங்கள் கொடுத்த கடிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இல்லை. கடிதத்தை வசந்தாமணி வாங்கினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பாப்பாவுக்குக் கூட ஒரு பிஸ்கட் கொடுத்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"நீங்க சும்மா சந்தேகப்படறீங்க அம்மிணி. உக்காருங்க, நீங்களே பாத்துக்கங்க" என்று டேப்பை என் முன்னால் நிறுத்தி, 'சாப்பிட்டீர்களா?' என்று டைப் செய்தார். நீலச் சட்டை போட்ட பொம்மைப் பெண் வந்து கையில் கேட்டது. முகம் மட்டும் களிமண்ணில் செய்த மாதிரி. நான் தலையசைத்தேன். பச்சை டிக். ஆம்.

நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"பாத்தீங்களா? கப்புனு புடிச்சுக்குது. நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியா சொல்லும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க."

"இன்னொரு கேள்வி. நான் சொல்றதை அப்படியே போடுங்க."

"சொல்லுங்க."

"ரைட்டர் வசந்தாமணி லஞ்சம் கேட்டாரா?"

அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். பொம்மை கேட்டது. நான் தலையசைத்தேன். பச்சை டிக். ஆம். கீழே நேரமும் தேதியும் விழுந்தன.

"ஏனம்மிணி, வம்பு பண்றீங்களா?" டேப்பைப் பிடுங்கினார். அழிக்கும் பட்டனைத் தேடினார். அந்த மாதிரி ஒன்றே அதில் இல்லை. "அய்யய்யோ, இது மேல போயிருமே! இதை இன்ஸ்பெக்டர் பாத்தா என்னைத் தொலைச்சிருவாங்க!"

"எங்க அக்காவுக்கும் அப்படித்தாங்க இருக்கு" என்றேன்.

அவர் அவசரத்தில் டேப்பை அணைத்தார். அணையும்போது ஒரு சின்னம் வந்து மறைந்தது. நீல வட்டம், அதற்குள் இரண்டு உள்ளங்கைகள்.

அந்தச் சின்னத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கே என்று பிறகு எழுதுகிறேன்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேலைக்கான லேப்டாப்பை நான் திறந்து இரண்டு நாள் ஆகிறது. பூபதி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு வேலை அனுப்பும் பெங்களூர் ஆபீசிலிருந்து நிவேதன் மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. அலமாரியில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் இறக்கித் தேய்த்தேன்.


ஆகஸ்ட் 13, புதன்

மத்தியானம் நீங்கள் பேசினீர்கள். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நம் மனு வருகிறது என்றீர்கள். "வீடியோவைப் போட்டுக் காட்டினா அவ தலையாட்டறதுதான் தெரியும். அந்தத் தலையாட்டலை மெஷின் எதை வெச்சு 'ஆம்'னு முடிவு பண்ணுதுன்னு சொல்ல ஒரே ஒரு ஆள் கிடைச்சாப் போதும்மா. அந்த மெஷின் கம்பெனிக்காரங்க வாயைத் திறக்கமாட்டேங்கறாங்க" என்றீர்கள்.

நான் போனில் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

மேடம், அந்த ஆள் நான்தான்.

நான் செய்வது டைப்பிங் வேலை இல்லை. பூபதிக்கும் சுகந்திக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வேலையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். போன டிசம்பரில், பாப்பாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 'சைகை மொழி தெரிந்த பட்டதாரிகள் தேவை, வீட்டிலிருந்தே வேலை' என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது சாமி கொடுத்த மாதிரி இருந்தது. சுகந்தி எனக்குக் கொடுத்த மொழிக்கு ஒரு வேலை!

காது கேளாதவர்கள் பேசும் வீடியோவை நாலு நாலு வினாடியாக வெட்டி அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டிலும் என்ன சொல்கிறார்கள் என்று நாங்கள் குறிக்க வேண்டும். தலையசைப்புக்கு மூன்று பட்டன்கள். ஒன்று, ஆம். இரண்டு, இல்லை. மூன்று, பிற. நாங்கள் குறித்ததைப் பார்த்துத்தான் மெஷின் கற்றுக்கொள்ளும். ஒரு நாளைக்கு நானூறு துண்டுகள். லேப்டாப்பில் அந்த வேலையைத் திறந்ததும் முதலில் வருவது அந்த நீல வட்டமும் இரண்டு உள்ளங்கைகளும்தான்.

முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதிக்கு மேல் ஆம் இல்லை. எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டும் தலைகள். சுகந்தியின் தலை மாதிரியே. அவை எல்லாவற்றுக்கும் 'பிற' போட்டேன். நானூறும் திரும்பி வந்தன. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 'பிற' இருந்தால் ஏற்கமாட்டார்களாம். நிவேதனுக்கு விளக்கி ஒரு மெயில் போட்டேன். 'தலை மேலும் கீழும் அசைந்தால் 1. விவாதம் வேண்டாம், சிஸ்டர்' என்று பதில் வந்தது. அடுத்த நாளும் 'பிற' போட்டேன். அடுத்த நானூறும் திரும்பி வந்தன.

மூன்றாம் நாள் பாப்பாவை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே ஒன்று, ஒன்று, ஒன்று என்று அழுத்தினேன். ஏழு மாதம் அழுத்தினேன். ஏப்ரலில் வேகத்தில் என் பெயர்தான் முதலில் வந்தது. பூபதி கேக் வாங்கி வந்தார். பெரிய துண்டைச் சுகந்திக்குக் கொடுத்தேன்.

அது போலீசுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. இதை எழுதிவிட்டு நானே படித்துப் பார்க்கிறேன். கேவலமாக இருக்கிறது. அந்த மெஷின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் மட்டும் சரியாகிவிடுமா? தலையாட்டினாள், அறுத்துவிட்டோம் என்பார்கள்.

மாணிக்கவேல் மேல் கோபப்பட்டேன். இன்ஸ்பெக்டர் மேல் கோபப்பட்டேன். பாவம், பீன்ஸ் நறுக்கியவள் மேல்கூடக் கோபப்பட்டேன். இந்த நோட்டில் என்னைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. சைகை தெரியாத ஒருத்தி செய்திருந்தால் அறியாமல் செய்தாள் என்று விட்டிருப்பேன். எனக்குத் தெரியும். அந்த ஆபீசில் வேலை செய்த அத்தனை பேரிலும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.


ஆகஸ்ட் 14, வியாழன்

சுகந்தியிடம் சொல்லிவிட்டேன்.

மத்தியானம், பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். மூன்று பட்டன்கள், நானூறு துண்டுகள், நிவேதன், கேக். பாதி வரை அவள் தலை அசைந்தது. அப்புறம் நின்றது. கேக்கைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் சண்டையின் உச்சம் அதுதான். காது கேட்பவர்கள் கதவை அறைவார்கள். சுகந்தி கண்ணை மூடுவாள். அவள் கண்ணை மூடிவிட்டால் நான் ஊமை. முழங்காலைத் தொட்டேன், தட்டிவிட்டாள். அரை மணி நேரம் அப்படியே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வடிந்தது, கண்ணை மட்டும் திறக்கவில்லை. பாப்பா தவழ்ந்து போய் அவள் முந்தானையைப் பிடித்து எழுந்து நின்றாள். அப்போதுதான் திறந்தாள். அதுவும் பாப்பாவைப் பார்க்க.

பிறகு என்னிடம் கேட்டாள்: இந்த டேப் வேறு ஸ்டேஷன்களிலும் இருக்கிறதா?

இருக்கும் என்றேன்.

அங்கெல்லாம் யார் யார் தலையாட்டியிருக்கிறார்கள்?

எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொன்னால் உனக்கு என்ன ஆகும்?

வேலை போகும், கையெழுத்து போட்டதை மீறினேன் என்று கேஸ் போடுவார்கள் என்றேன். சமாதானம் சொல்வாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

போடட்டும், போய்ச் சொல் என்றாள். குடோனை நான் சொல்கிறேன், பட்டனை நீ சொல். ஆனால் கோர்ட்டில் என் கையைப் படித்துச் சொல்ல நீ வேண்டாம். வேறு ஆள் வேண்டும்.

இத்தனை வருடத்தில் அவள் என்னை வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை. மீதித் துணியை மடித்து வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். சாப்பிடக் கூப்பிட்டேன், என் பக்கம் பார்க்கவில்லை.

ஷிஃப்டுக்குக் கிளம்பிய பூபதியிடமும் சொன்னேன். ரொம்ப நேரம் செருப்பை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். அப்புறம், "கோர்ட்டுக்கு நானும் வர்றேன். பாப்பாவை யாராச்சும் வெச்சுக்கணுமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மேடம், இந்த நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து இப்போதே உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். நிவேதனின் மெயிலும், திருப்பி அனுப்பிய எண்ணூறு துண்டுகளின் பட்டியலும் கூடவே வரும். என் கணக்கை அவர்கள் மூடுவதற்குள் எடுத்து வைத்துவிட்டேன். நாளை சுதந்திர தினம், சனிக்கிழமை கிருஷ்ண ஜெயந்தி, அடுத்து ஞாயிறு. திங்கள் காலை கோர்ட். நான் பிரமாணப் பத்திரம் தர வேண்டுமானால் எங்கே, எப்போது வர வேண்டும் என்று சொல்லுங்கள். சுகந்திக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் இன்றே பேசுங்கள். என்னைக் குற்றவாளியாகச் சேர்ப்பார்களா என்றும் சொல்லுங்கள். சேர்த்தாலும் வருவேன், பாப்பாவுக்கு ஏற்பாடு செய்துவைக்கத்தான் கேட்கிறேன்.

எந்த நேரமானாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.